பதினெட்டு இருக்கைகள் உள்ள ஒரு லண்டன் மதுக்கூடம்: இங்கே மட்டும் ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

தென்கரைவாசி எழுதியது | ஞாயிறு, பிற்பகல் 3.12

வணக்கம் நண்பர்களே. நான் தென்கிழக்கு லண்டனுக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் தெருவில் என்னிடம் வாய்திறந்து பேசியவர்கள் மூன்றே பேர். அவர்களுள் இருவர், பக்கத்து வீட்டுக்கு வந்த பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்ட அஞ்சல்காரர்கள்.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை, ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும்போது மழை வலுத்ததால், கடைத்தெருவின் கோடியில் முடிதிருத்தும் கடைக்கும் சலவைக் கடைக்கும் இடையில் இருந்த ஒரு சிறிய கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஒதுங்கினேன். ஒரு காலத்தில் செருப்பு பழுதுபார்க்கும் கடையாக இருந்த அந்த இடம் இப்போது ஒரு மதுக்கூடம். ஒரே அறை, மூன்று சுவர்களையும் ஒட்டி நீண்ட மரப்பலகைகள், நடுவில் உயரமான இரண்டு மேசைகள். பதினெட்டுப் பேர் உட்காரலாம், எண்ணிப் பார்த்துவிட்டேன். தொலைக்காட்சி இல்லை, பாட்டு இல்லை, காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரமும் இல்லை. பின்புறம் கண்ணாடிக் கதவு போட்ட குளிரறைக்குள் மூன்று உலோகப் பீப்பாய்கள் படுத்துக் கிடந்தன. கரும்பலகையில் பீரின் பெயர், அது எந்த ஊர் ஆலையில் தயாரானது, ஆல்கஹால் சதவீதம், விலை ஆகியவற்றைச் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்கள்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பலகையைப் படித்துக்கொண்டிருந்தபோது, அருகில் இருந்த ஒரு மூதாட்டி தம் நாயை என் காலடியிலிருந்து இழுத்தபடி, "இரண்டாவதைக் கேட்காதீர்கள், அது நேற்றே தீர்ந்திருக்க வேண்டியது" என்றார். அது உரிமையாளர் காதிலும் விழுந்தது. அவர் சிரித்தாரே தவிர மறுக்கவில்லை. இருபது நிமிடம் போவதற்குள் நான் எந்தத் தெருவில் குடியிருக்கிறேன் என்பது அவர்களுக்கும், 1987 அக்டோபர்ப் புயலில் அதே தெருவில் எந்த மரம் எந்த வீட்டின்மேல் விழுந்தது என்பது எனக்கும் தெரிந்துவிட்டன.

அந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து அம்மா கைப்பேசியில் அழைத்தார். மணியோசை கேட்டதும் அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. கவுன்ட்டரில் இருந்த தகரப் பெட்டியை ஒருவர் சுட்டிக்காட்டினார். கைப்பேசி ஒலித்தால் அறக்கொடைக்கு ஒரு பவுண்டு போட வேண்டுமாம். போட்டுவிட்டு வெளியே போய் நனைந்தபடி பேசினேன். எங்கே இருக்கிறாய் என்று அம்மா கேட்டதற்கு, மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன் என்றேன். அது பொய்யில்லை.

என் கேள்வி இதுதான். இதே பகுதியில் நூறு பேர் அமரக்கூடிய பெரிய பப் இரண்டு இருக்கின்றன. அங்கெல்லாம் நான் பலமுறை தனியாக உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறேன். இங்கே மட்டும் ஏன் இப்படி? மக்கள் வேறா, இடம் வேறா?

(கடையின் பெயரைக் கேட்காதீர்கள். பதினெட்டு இருக்கைதான் என்று முன்பே சொல்லிவிட்டேன்.)


வடமராட்சியான் எழுதியது | ஞாயிறு, மாலை 5.40

தம்பி, நீங்கள் போன இடத்தை இங்கே மைக்ரோபப் என்று சொல்லுவார்கள். கென்ற் மாகாணத்தின் ஹேர்ன் என்னும் கிராமத்தில் 2005ஆம் ஆண்டு மார்ட்டின் ஹிலியர் என்பவர், பழைய இறைச்சிக் கடை ஒன்றில் புட்சர்ஸ் ஆம்ஸ் என்ற பெயரில் திறந்ததுதான் முதலாவது. அந்த ஆண்டு நவம்பரில்தான் 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் நடைமுறைக்கு வந்து, மது விற்கும் உரிமத்தை வழங்கும் அதிகாரம் நீதிவான்களிடமிருந்து உள்ளூராட்சி மன்றங்களுக்கு மாறியது. அதற்கு முன்னர், "இந்த வட்டாரத்தில் ஏற்கெனவே போதிய பப்கள் இருக்கின்றன" என்று ஒருவர் ஆட்சேபித்தால் விண்ணப்பம் படுத்துவிடக்கூடும். லண்டனின் முதல் மைக்ரோபப் 2013இல் வெல்லிங்கில் திறந்தது. நீங்கள் இருக்கும் தென்கிழக்குப் பக்கம் கென்ற்றை ஒட்டியிருப்பதால் அங்கேதான் அவை முதலில் பரவின.

எங்கள் ஊரில் தவறணை என்றொரு சொல் உண்டு. போர்த்துக்கேயர் காலத்துச் சொல் என்பார்கள். கள்ளுத் தவறணையில் யாரும் தனியாக இருந்து குடித்ததை நான் கண்டதில்லை. 1991இல் இங்கே வந்தபோது, ஒரு பெரிய பப்பில் நாற்பது ஆண்கள் ஒரே தொலைக்காட்சியைப் பார்த்தபடி நின்றதைக் கண்டு, இவர்கள் ஏன் வீட்டில் இருந்து குடிப்பதில்லை என்று யோசித்தேன். தொலைக்காட்சி இல்லாத அறையில் மனிதர் வேறு என்ன செய்வது? கதைக்கத்தான் வேண்டும். உங்கள் கேள்விக்கு என் விடை அவ்வளவுதான்.


கணக்குப்பிள்ளை எழுதியது | ஞாயிறு, இரவு 8.05

இரண்டு பதிவுகளையும் படித்தேன். இரண்டும் அழகாக இருக்கின்றன, ஆனால் இரண்டிலும் விலை இல்லை. அந்தக் கரும்பலகையில் விலையும் எழுதியிருந்ததாகச் சொல்கிறீர்களே, அது எவ்வளவு? பல்பொருள் அங்காடியில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கும் பொருளுக்கு மரப்பலகையையும் நாயையும் சேர்த்து விற்கிறார்கள் என்பது என் கட்சி. தொலைக்காட்சி வைக்காததை ஒரு கொள்கையாகச் சொல்வார்கள். உரிமக் கட்டணமும் விளையாட்டு ஒளிபரப்புச் சந்தாவும் மிச்சம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.


தென்கரைவாசி எழுதியது | ஞாயிறு, இரவு 8.31

நான் குடித்தது பிட்டர் என்னும் கசப்பு பீர், 4 சதவீதம். ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) 5 பவுண்டு 40 பென்ஸ். பெரிய பப்பில் இதைவிட அதிகம் கொடுத்து, இதைவிட மோசமானதைக் குடித்திருக்கிறேன்.


பீப்பாய்க்காரன் எழுதியது | ஞாயிறு, இரவு 11.20

படிக்கும் காலத்தில் இரண்டு ஆண்டுகள் ஒரு பப்பின் நிலவறையில் பீப்பாய் உருட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மக்களும் இடமும் இரண்டாம் பட்சம், உங்கள் கேள்விக்கான விடை அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் படுத்துக் கிடக்கிறது.

அங்கே நீங்கள் பார்த்தது காஸ்க் பீப்பாய். கெக் என்னும் மற்றொரு வகையில், பீரை வடிகட்டியோ வேறு வகையில் பக்குவப்படுத்தியோ காற்றுப்புகாத கலனில் அடைத்து, வாயு அழுத்தத்தால் குழாய்க்குத் தள்ளுவார்கள். திறந்த பிறகும் வாரக்கணக்கில் தாங்கும். காஸ்க்கில், நொதிக்கச் செய்யும் ஈஸ்ட் நுண்ணுயிர் உயிரோடு இருக்கிறது. ஆலையை விட்டு வந்த பிறகும் பீப்பாய்க்குள்ளேயே அது மெல்ல நொதித்துக்கொண்டிருக்கும். கடைக்கு வந்ததும் பீப்பாயை அசையாமல் படுக்கவைத்து, மேலே உள்ள துளையில் மெல்லிய மரமுளை ஒன்றைச் செருகி, மிகுதியான வாயு வெளியேறும்வரை காத்திருந்து, கசடு அடியில் தங்கித் தெளிந்த பிறகே ஊற்ற வேண்டும். இதற்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். ஒவ்வொரு பைன்ட் வெளியேறும்போதும் அந்த இடத்தைப் பிடிக்க வெளிக்காற்று உள்ளே போகும். அந்தக் கணத்திலிருந்து பீர் கெடத் தொடங்கும். மூன்று நாள் நன்றாக இருக்கும். அதற்கு மேல் சுவை மங்கும், பிறகு புளிக்கும். காலையில் கரைத்த தோசை மாவை மூன்றாம் நாள் இரவு மோந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஃபர்க்கின் எனப்படும் வழக்கமான பீப்பாய் 9 காலன், அதாவது ஏறத்தாழ 41 லிட்டர், 72 பைன்ட். அடியில் கசடோடு போவது சில பைன்ட். மூன்று பீப்பாய் திறந்து வைத்தால், மூன்று நாளில் இருநூறு பைன்ட்டுக்கு மேல் விற்றாக வேண்டும். இருப்பதோ பதினெட்டு இருக்கை. நூறு பேர் வந்துபோகும் பப்பில் யார் எதைக் குடிக்கிறார் என்று தெரியாமலேயே பீப்பாய் காலியாகிவிடும். இங்கே உரிமையாளருக்கு, செவ்வாய்க்கிழமை யார் வருவார், அவர் கறுப்பு பீர் குடிப்பவரா, பாதி பைன்ட்டோடு நிறுத்துபவரா என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். தெரிந்துகொள்ள அவர் பேசித்தான் ஆக வேண்டும். "இதைக் கொஞ்சம் சுவைத்துப் பாருங்கள்" என்று சிறு கண்ணாடியில் ஊற்றிக் கொடுப்பது விருந்தோம்பல்தான். சரக்கு தேங்காமல் பார்த்துக்கொள்ளும் வழியும் அதுதான். அந்த மூதாட்டி உங்களிடம் சொன்னது வம்பு இல்லை, நிலவறை அறிக்கை. வாடிக்கையாளரே இருப்புக் கணக்கை வாயால் சொல்லும் கடையில் புதியவர் பேசாமல் இருக்க முடியாது.


கணக்குப்பிள்ளை எழுதியது | திங்கள், காலை 7.48

பீப்பாய்க்காரரின் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். அதில் விட்டுப்போன பக்கத்தை நான் எழுதுகிறேன். 5.40 பவுண்டில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 90 பென்ஸ், மதிப்புக்கூட்டு வரி. 2023 ஆகஸ்டில் வந்த புதிய தீர்வை முறையில், பீப்பாயிலிருந்து ஊற்றி விற்கும் பீருக்குப் புட்டியில் விற்பதைவிடக் குறைந்த வீதம் வைத்தார்கள்: தூய ஆல்கஹால் லிட்டருக்கு அன்றைய நிலையில் 19 பவுண்டு 8 பென்ஸ். 4 சதவீத பைன்ட் ஒன்றுக்கு அது ஏறத்தாழ 43 பென்ஸ் ஆகும். சிறு ஆலைகளுக்குத் தனித் தள்ளுபடியும் உண்டு. ஆக ஒரு பவுண்டு முப்பத்துச் சொச்சம் அரசுக்கு. மிச்சம் நாலு பவுண்டில் ஆலைக்கு, வாடகைக்கு, மின்சாரத்துக்கு, கூலிக்கு.

இதில் அந்தக் கடை பிழைத்திருப்பதற்குக் காரணம் அதன் சிறுமைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஒரே ஓர் இடத்தை வைத்துத் தொழில் செய்பவருக்கு, அந்த இடத்தின் வரிமதிப்பு 12,000 பவுண்டைத் தாண்டாவிட்டால் தொழில்மனை வரி அறவே கிடையாது. செருப்புக் கடைக்கு அது பொருந்தும். நடன அரங்கமும் சமையலறையும் உள்ள பெரிய பப்புக்குப் பொருந்தாது. ஆகவே உரிமையாளர் இன்னும் இருபது இருக்கை போட்டால் நட்பு மட்டும் குறையாது, வரியும் ஏறும். இது ஒரு வணிக ஏற்பாடு. நீங்கள் அதை நட்பு என்று எடுத்துக்கொள்கிறீர்கள்.


வடமராட்சியான் எழுதியது | திங்கள், காலை 9.15

கணக்குப்பிள்ளை ஐயா, நாங்கள் சாப்பிடும் சோறும் வணிக ஏற்பாடுதான். அதற்காகச் சோற்றுக் கடை முதலாளி "இன்னும் கொஞ்சம் போடவா" என்று கேட்பதைப் பொய் என்று சொல்லலாமா?

ஒரு விடயத்தில் நீங்கள் சொல்வதோடு உடன்படுகிறேன். பெரிய பப்கள் இப்படி ஆனதற்கும் ஒரு வணிக ஏற்பாடுதான் காரணம். 1989இல் அரசு ஓர் ஆணை போட்டு, இரண்டாயிரத்துக்கு மேல் பப் வைத்திருந்த ஆலைகள் அந்த மிகுதியில் பாதியைத் தம் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றது. ஆலைகளின் பிடி தளரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்தப் பப்களைப் பப் கம்பனிகள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டன. குத்தகைக்காரர் பெரும்பாலும் அந்தக் கம்பனி சொல்லும் பியரை அந்தக் கம்பனி சொல்லும் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. தம்பி போன மாதிரி இடத்துக்கு அந்தக் கட்டு இல்லை. ஒரு வாரம் கென்ற், மறு வாரம் யோர்க்சயர் என்று கரும்பலகை மாறுவது அதனால்தான்.


சைவப்பூனை எழுதியது | திங்கள், பிற்பகல் 1.02

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் முட்டைகூடத் தொடாத சைவம். அலுவலக நண்பர்களோடு இப்படி ஒரு கடைக்குப் போனபோது, பீரில் மீன் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து முழு பைன்ட்டையும் குடித்துவிட்டேன். உண்மையா?


பீப்பாய்க்காரன் எழுதியது | திங்கள், பிற்பகல் 1.44

பாதி உண்மை, ஆனால் நீங்கள் அஞ்சும் பாதி. சில மீன்களின் காற்றுப்பையைக் காயவைத்து எடுக்கும் ஒருவகைப் புரதத்தை ஐசிங்கிளாஸ் என்பார்கள். காஸ்க் பீப்பாயில் அதைச் சிறிதளவு சேர்த்தால், மிதக்கும் ஈஸ்ட் துகள்கள் அதோடு ஒட்டிக்கொண்டு விரைவாக அடியில் படியும். பீர் கண்ணாடி போல் தெளியும். பெரும்பகுதி கசடோடு பீப்பாயிலேயே தங்கிவிடும் என்றாலும், சேர்த்தது சேர்த்ததுதான். புதிய சிறு ஆலைகள் பலவும் அதைச் சேர்ப்பதில்லை. அந்த பீர் சற்றுக் கலங்கலாக இருக்கும், கரும்பலகையில் தெளிவிப்பான் சேர்க்காதது என்றோ தாவர உணவினர்க்கு ஏற்றது என்றோ எழுதியிருப்பார்கள். கின்னஸ் பீர்கூட மீன்பசையைச் சில ஆண்டுகளுக்கு முன் கைவிட்டுவிட்டது. சிறிய கடையின் வசதி என்னவென்றால், உரிமையாளரைக் கேட்டால் அவருக்கு விடை தெரியும். தெரியாவிட்டால் ஆலைக்காரரையே அழைத்துக் கேட்பார். கலங்கலாக இருக்கும் பீரைக் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுக்கும் நம்மவர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன். கெட்டதை மூக்குக் காட்டிக்கொடுக்கும், கண் காட்டாது. காடி வாசம் வந்தால் தயங்காமல் கவுன்ட்டரில் வைத்து "இது சரியாக இல்லை என்று நினைக்கிறேன்" என்று சொல்லுங்கள். நல்ல கடையில் விவாதம் இல்லாமல் மாற்றித் தருவார்கள்.


சைவப்பூனை எழுதியது | திங்கள், பிற்பகல் 1.50

நன்றி. அம்மாவிடம் சொல்லப்போவதில்லை.


நீலக்குடை எழுதியது | திங்கள், இரவு 9.37

இதுவரை எழுதிய எல்லோரும் ஆண்கள் என்று நினைக்கிறேன். ஆகவே விட்டுப்போன ஒன்றை எழுதுகிறேன். வடக்கு லண்டனில் என் வீட்டருகே உள்ள இதுபோன்ற ஓர் இடத்துக்கு ஓராண்டாக, பெரும்பாலும் தனியாக, போய்வருகிறேன். பெரிய பப்பில் தனியாக உட்கார்ந்தால், ஏன் தனியாக வந்திருக்கிறாய் என்று கேட்க ஒருவர் வந்துவிடுவார். அவர் எந்த மூலையிலிருந்து வந்தார் என்றுகூடத் தெரியாது. ஒற்றை அறையில் மூலை கிடையாது. யார் யாரிடம் என்ன பேசுகிறார் என்பது உரிமையாளரின் காதுக்குள் நடக்கிறது. ஒருமுறை ஒருவர் என் மேசையை விட்டு நகர மறுத்தபோது, நான் எதுவும் சொல்வதற்கு முன்பே எதிர்ப் பலகையில் இருந்த இருவர் அவரைத் தங்கள் பேச்சுக்குள் இழுத்துக்கொண்டார்கள். அது திட்டமிட்டதா, தற்செயலா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஆனால் இதே ஒற்றை அறைக்கு மறுபக்கமும் உண்டு. முதல்முறை கதவைத் திறந்தபோது, அறையில் இருந்த பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். பகையோடு இல்லை, கதவு திறந்தால் யார் என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். என்றாலும் அந்தப் பதினைந்து பேரும் ஐம்பது வயதைத் தாண்டிய வெள்ளையர்கள், பதினான்கு பேர் ஆண்கள் என்னும்போது, ஒரு கணம் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. தென்கரைவாசிக்கு மழை உதவியது. மழை இல்லாத நாளில் அந்தக் கதவைத் தள்ள எத்தனை பேருக்குத் துணிவு வரும்? இருக்கிற ஒரே கழிப்பறையைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் இழை நீண்டுவிடும்.

புதிதாகப் போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். வாரநாளில், ஐந்து மணி வாக்கில் போங்கள். பெரும்பாலான இடங்களில் கவுன்ட்டரில்தான் கேட்டு வாங்க வேண்டும்; வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உங்களுக்கு முன் வந்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். முழு பைன்ட் 568 மில்லிலிட்டர்; பாதியும் மூன்றில் ஒரு பங்கும் சட்டப்படி உள்ள அளவுகளே, 2011 முதல் மூன்றில் இரண்டும் உண்டு; பாதி கேட்பதால் யாரும் உங்களைக் குறைவாக எண்ண மாட்டார்கள். சுவைத்துப் பார்க்க ஒன்றிரண்டு கேட்கலாம், கூட்டமான சனிக்கிழமையில் ஏழு கேட்கக் கூடாது. பீர் இறைக்கும் கைப்பிடியில் உள்ள பெயரட்டை திருப்பி மாட்டப்பட்டிருந்தால் அந்த பீர் இப்போது இல்லை என்று பொருள். உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினால் பையை நீளவாக்கில் கிழித்து, வாழையிலை விரிப்பது போல மேசை நடுவில் விரித்து வையுங்கள். அதை நான் ஒருமுறை செய்ததும் என் மேசைக்கு வந்த பேச்சு, ஓராண்டு புன்னகைத்தும் வந்ததில்லை.


கணக்குப்பிள்ளை எழுதியது | செவ்வாய், காலை 7.30

நீலக்குடை சகோதரியின் பதிவுதான் இந்த இழையில் எனக்கு உண்மையாகப் பட்டது. என் அடுத்த ஐயம், சிறு ஆலைகளின் பீருக்குச் சூட்டும் "கிராஃப்ட்" (கைவினை) என்ற சொல்லைப் பற்றியது. லண்டனின் கேம்டன் டவுன் ஆலையை 2015இல் ஏபி இன்பெவ் என்னும் பன்னாட்டு பீர் நிறுவனம் வாங்கியது. பீவர்டவுன் ஆலையில் ஹைனெகென் 2018இல் பங்கு வாங்கி, 2022இல் முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஃபுல்லர்ஸ் தன் பீர்த் தொழிலை 2019இல் ஜப்பானின் அசாஹிக்கு விற்றது. பெயரட்டையில் மண்டையோடு வரைந்திருந்தால் கைவினை ஆகிவிடுமா? மேலும், 4 சதவீத பைன்ட் ஒன்றில் 2.3 அலகு ஆல்கஹால் இருக்கிறது; இந்நாட்டு மருத்துவ அறிவுரை வாரத்துக்கு 14 அலகைத் தாண்டாதே என்கிறது. ஆறு பைன்ட்டுக்கு மேல் உங்கள் நட்புக்கு இடம் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.


பீப்பாய்க்காரன் எழுதியது | செவ்வாய், மாலை 6.20

அலகுக் கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. 3.5 சதவீதத்துக்குக் கீழே உள்ள பீருக்கு 2023 முதல் தீர்வை மேலும் குறைவு. அதனால் வலுக்குறைந்த நல்ல பீர்கள் இப்போது கூடிவருகின்றன. தென் லண்டனின் பெர்மன்ஸியில் ரயில் பாலத்து வளைவுகளுக்கு அடியில் 2009இல் தொடங்கிய கெர்னல் ஆலையின் டேபிள் பீர் 3 சதவீதத்தை ஒட்டியது. இரண்டு மணி நேரம் ஒரே கண்ணாடியோடு பேச விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல துணையை நான் கண்டதில்லை.

சொல்லைப் பற்றி: "கிராஃப்ட்" என்பதற்கு இந்நாட்டில் சட்ட வரையறை எதுவும் இல்லை. உண்மையான ஏலுக்கான (காஸ்க் பீப்பாயில் உயிரோடு இருக்கும் மரபு பீர்) இயக்கமான கேம்ரா 1971இல் தொடங்கியபோது அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: பீப்பாய்க்குள் உயிர் இருக்கிறதா? ஆலை யாருடையது என்று அவர்கள் முதலில் கேட்கவில்லை. எனக்கும் அதுவே போதும். அசாஹி வாங்கிய பிறகும், நன்றாகப் பேணிய ஃபுல்லர்ஸின் லண்டன் பிரைட் பீப்பாய் நல்ல பீர்தான். சின்ன ஆலையிலிருந்து வந்தும் கவனமில்லாமல் வைத்தது கெட்ட பீர்தான். நிலவறைக்காரரின் கை அதில் பாதி.


தென்கரைவாசி எழுதியது | செவ்வாய், இரவு 10.02

எல்லோருக்கும் நன்றி. சென்ற வாரம் மீண்டும் போனேன். இந்தமுறை மழை இல்லை. நீலக்குடை சொன்னது போல் கதவைத் தள்ளும்போது ஒரு கணம் தயங்கத்தான் செய்தேன். கரும்பலகையில் இந்தியா பேல் ஏல் என்று ஒன்று இருந்தது. நம் நாட்டுக்குப் போகும் கப்பலில் கெடாமல் இருக்கவே ஒருவர் அதைக் கண்டுபிடித்தார் என்று நான் எங்கோ படித்ததை அவர்களிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த மூதாட்டி மறுத்தார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அடுத்தமுறை தோற்க விருப்பமில்லை.


பீப்பாய்க்காரன் எழுதியது | செவ்வாய், இரவு 11.15

தோற்றுத்தான் ஆக வேண்டும்; அந்த அம்மையார் சொன்னதே சரி. பீரைக் கெடாமல் காக்கும் ஹாப்ஸ் பூ மிகுதியாகச் சேர்த்து நீண்ட நாள் வைத்திருக்கும் வெளிர்நிற ஏல் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. கிழக்கு லண்டனின் பௌ பகுதியில் ஆலை வைத்திருந்த ஹாட்ஜ்சனுக்கு வாய்த்த நன்மை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற பிளாக்வால் துறை அருகில் இருந்ததுதான். கப்பல் தலைவர்கள் தம் சொந்த வணிகத்துக்காகச் சரக்கு ஏற்றுவார்கள். அவர்களுக்கு அவர் நீண்ட தவணையில் கடன் கொடுத்தார். மாதக்கணக்கான பயணத்தில் பீர் நன்றாகப் பக்குவப்பட்டு வந்ததைக் கண்டு கேட்பு பெருகியது. 1820களில் பர்ட்டன் நகரத்து ஆலைகள் அந்த வணிகத்தில் புகுந்து அவரை முந்தின. அதே கப்பல்களில் சிப்பாய்களுக்குப் போனது பெரும்பாலும் கறுத்த போர்ட்டர். அதை யாரும் இந்தியா போர்ட்டர் என்று கொண்டாடுவதில்லை.


வடமராட்சியான் எழுதியது | புதன், காலை 8.50

பௌ றோட் நிலையத்திலிருந்து டிஸ்ரிக்ற் லைனில் ஐந்தாவது தரிப்பு ஈஸ்ற்ஹாம். அங்கே எங்கள் சனத்தின் கடைகளில் லயன் ஸ்டவுட் கிடைக்கும். இலங்கைச் சரக்கு, எட்டு சதவீதத்துக்குக் குறையாது. பியரைப் பற்றி எழுதிப் பெயர்பெற்ற மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்லர், இவர் வேறு) அதை மெச்சி எழுதியிருக்கிறார். வெளியே வாங்கிய போத்தலைப் பப்புக்குள் கொண்டுபோய்க் குடிக்கக் கூடாதுதான். ஆனால் உரிமையாளருக்கு ஒரு போத்தலைப் பரிசாகக் கொடுங்கள் தம்பி. அந்த அம்மையாரிடம் தோற்றதற்கு அது ஈடாகும்.


தென்கரைவாசி எழுதியது | வெள்ளி, காலை 7.05

கொடுத்தேன், அண்ணா. உடனே திறக்கவில்லை, கடை மூடிய பிறகு என்று சொல்லிக் குளிரறையில் வைத்துக்கொண்டார். பேசிக்கொண்டிருந்தபோது, அந்த மூதாட்டியின் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் பின்புறம் என்பதும், இரண்டு ஆண்டுகளாக நான் சாளரத்தின் வழியாகப் பார்த்துவந்த ஆப்பிள் மரம் அவருடையது என்பதும் தெரியவந்தன. கணக்குப்பிள்ளை ஐயா இதையும் வணிக ஏற்பாடு என்று எழுதலாம். நான் மறுக்கமாட்டேன், ஏனெனில் உரிமையாளர் அப்போதும் எனக்கு இன்னொரு பாதி பைன்ட் விற்றுக்கொண்டுதான் இருந்தார்.

லண்டனில் உள்ளவர்கள் ஒருநாள் சந்திக்கலாமே என்று தனிச்செய்தியில் மூவர் கேட்டிருக்கிறீர்கள். கடையின் பெயரை அவர்களுக்கு மட்டும் அனுப்புகிறேன். நான்கு பேருக்கு மேல் வந்தால் வழக்கமாக வருபவர்களுக்கு இடம் இருக்காது.


கணக்குப்பிள்ளை எழுதியது | வெள்ளி, காலை 7.40

அந்த மூவரில் நானும் ஒருவன் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு.


தென்கரைவாசி எழுதியது | வெள்ளி, காலை 7.52

ஞாயிறு வேண்டாம், ஐயா. அடுத்த வாரம் வியாழன் மாலை ஒரு போர்ட்டர் பீப்பாயைத் திறக்கிறார், ஒன்றுதான் வாங்கியிருக்கிறார். மறுநாள் வெள்ளி மாலை ஆறு மணிக்கு வாருங்கள். கைப்பேசியின் ஒலியை நிறுத்திவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் ஒரு பவுண்டு கூடுதலாகக் கொண்டுவாருங்கள்.